மக்கு என்று சொல்லாதீர்கள்! – பள்ளியில் நம் பிள்ளைக்காகப் பேசுவது எப்படி?

காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வரும் மாணவனை ஓட்டப் பந்தயத்தில் ஓடச் சொல்லும் ஆசிரியர் எவரும் இல்லை. கரும்பலகை தெரியவில்லை என்று கண்ணாடி போட்ட சிறுமி சொன்னால், அவளை முன் பெஞ்சுக்கு மாற்றி விடுகிறார்கள். ஆனால் கண்ணும் காதும் நன்றாக இருந்து, வாயும் கெட்டிக்காரத்தனமாகப் பேசி, எழுத்தைக் கண்டால் மட்டும் திணறுகிற பிள்ளையின் கதை வேறு. அவனுக்குக் கிடைப்பவை "சோம்பேறி", "கவனம் இல்லை", "வீட்டில் படிக்க வைப்பதில்லை" என்ற ரிமார்க்குகள்தாம். ஓபன் டே அன்று அந்த ரிமார்க்கைப் படித்துவிட்டு வரும் தகப்பனார், வாசற்படி ஏறுவதற்குள் பெல்ட்டில் கை வைத்து விடுகிறார்.

தேவ்நார் முனிசிபல் காலனியிலும், கோவண்டி, மான்கூர்ட், செம்பூர் வட்டாரங்களிலும் வாழும் நம் குடும்பங்களில் இது புதிய செய்தி அல்ல. ஊரில் நிலம் இல்லை, இங்கே சொத்து இல்லை, பிள்ளைகளின் படிப்பு ஒன்றுதான் முதலீடு என்று வாழ்கிறவர்கள் நாம். அந்த முதலீடு வீணாகிறது என்று தோன்றும்போது வரும் கோபத்தின் ஆழம் நமக்குத் தெரியும். ஆகவே பெற்றோரைக் குறை சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. அடிக்கு முன்னால் வேறொரு வழி இருக்கிறது, அதற்குச் சட்டமும் துணை நிற்கிறது என்பதைத் தெரிவிக்கவே எழுதுகிறேன்.

சோம்பலா, குறைபாடா?

படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றில் மட்டும் ஏற்படும் தடங்கலைக் கற்றல் குறைபாடு என்கிறார்கள். படிப்பதில் வரும் தடங்கல் டிஸ்லெக்ஸியா. எழுதுவதில் வருவது டிஸ்கிராஃபியா. எண்களில் வருவது டிஸ்கால்குலியா. மூன்றும் சேர்ந்தும் வரலாம். மூளை எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடுதான் காரணமே தவிர, அறிவுக் குறைவு அல்ல. பெற்றோர் வளர்ப்பும் அல்ல. குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. "இவன் அப்பனும் இப்படித்தான், ஐந்தாவது வரைக்கும் 'அ'னா 'ஆ'வன்னாவிலேயே நின்றான்" என்று பாட்டி சொல்வதை நாம் வேடிக்கையாகக் கேட்டுக்கொள்கிறோம். மருத்துவர் அதைக் குறித்துக்கொள்வார்.

இது ஏதோ இக்காலத்துப் பணக்காரர்கள் கண்டுபிடித்த நோய் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பையன் கணக்கில் கெட்டி, பேச்சில் சூட்டிகை. ஆனால் ஏழு ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தும் சிறு சொற்களைக் கூட அவனால் படிக்க முடியவில்லை. படிப்பு முழுவதும் வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியில் இவனே முதல்வன் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்த ஆசிரியருக்குப் புரிந்தது இன்னும் பல ஆசிரியர்களுக்குப் புரியவில்லை.

அடையாளங்களைப் பெற்றோரே கவனிக்கலாம். பாடத்தைப் படித்துக் காட்டினால் அப்படியே திருப்பிச் சொல்வான். அதையே படி என்றால் விரல் வைத்து எழுத்தெழுத்தாகத் தடவுவான். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவான். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதும்போது வரிகளை விட்டுவிடுவான். நோட்டு எப்போதும் அரைகுறையாகவே இருக்கும். காலையில் வயிற்றுவலி வரும், ஞாயிற்றுக்கிழமை வராது. ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறத்தான் செய்வார்கள். மூன்றாம் வகுப்பு முடியும்போதும் அதே தடுமாற்றம் என்றால், இன்னொரு ட்யூஷன் தேடுவதை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளை நாம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பையன் குறும்பு செய்வான், அதனால் பெற்றோருக்கு ஆள் வரும். பெண் சத்தம் போடாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். "படிப்பு வரவில்லை, வீட்டு வேலையாவது பழகட்டும்" என்று எட்டாவதோடு நிறுத்தி விடுவார்கள். அந்தப் பெண்ணுக்குக் குறைபாடு இருந்ததா என்று கேட்பாரும் இல்லை.

நான்கு மொழிகளின் நடுவே

மும்பைத் தமிழ்ப் பிள்ளையின் நிலைமை கொஞ்சம் சிக்கலானது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் அல்லது மராத்தி. மாநகராட்சிப் பள்ளிகள் தமிழ் உட்பட எட்டு மொழிகளில் நடந்து வந்திருப்பதால், தமிழ் வழியில் படித்த பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. எந்த வழியில் படித்தாலும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து முறைகளைச் சமாளித்தாக வேண்டும்.

பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும். தமிழில் 'கெ', 'கே' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் எழுத்துக்கு இருபுறமும் காவல் நிற்கிறது. தேவநாகரியிலும் 'கி' எழுதும்போது இகரக் குறி முன்னால் நிற்கும். எழுத்தையும் ஒலியையும் வரிசைப்படுத்துவதிலேயே திணறும் பிள்ளைக்கு இது பெரிய பொறி. தமிழில் 'கல்', 'தங்கம்', 'பகல்' என்று ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. தேவநாகரியில் அதற்குத் தனித்தனி எழுத்துகள். ஆங்கிலத்திலோ எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் பல இடங்களில் சம்பந்தமே இல்லை. அதனால்தான் தமிழில் ஓரளவு தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் அப்படியே நின்று விடுவதைப் பார்க்கிறோம்.

எண்களைப் பாருங்கள். தமிழில் 'நாற்பத்தைந்து' என்றால் முதலில் நாற்பது, பிறகு ஐந்து. மராத்தியில் 'பஞ்சேசாளீஸ்': ஐந்து முதலில், நாற்பது பிறகு. காதில் விழுந்த வரிசையிலேயே எழுதும் பிள்ளை 54 என்று எழுதிவிட்டு அடி வாங்கும். இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டில் பால்பாரதியின் இரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில், 'ஏக்வீஸ்' என்பதை 'வீஸ் ஏக்' என்று, அதாவது இருபது ஒன்று என்று, சொல்லும் முறையைக் கொண்டு வந்தார்கள். பாடக்குழுவுக்குத் தலைமை வகித்த கணித அறிஞர் மங்களா நார்ளீகர் அதற்கான காரணத்தை விளக்கியும் சட்டமன்றம் வரை கேலியும் எதிர்ப்பும் எழுந்தன. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கே அது கடினம் என்பது அதனால் வெளிச்சத்துக்கு வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மொழி பழகாததால் வரும் பின்தங்கல் வேறு, கற்றல் குறைபாடு வேறு. ஊரிலிருந்து வந்து இரண்டே வருடம் ஆன பிள்ளை மராத்தியில் தோற்றால் அது குறைபாடு ஆகாது. நன்றாகத் தெரிந்த மொழியிலும் அதே தடுமாற்றம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பரிசோதனைக்குப் போகும்போது, "இவன் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளி மொழி இது, எத்தனை ஆண்டுகளாக இதில் படிக்கிறான்" என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு விதமாகவும் தவறு நேரலாம். குறைபாடு இல்லாத பிள்ளைக்கு முத்திரை விழும். இருக்கிற பிள்ளையை "மொழிப் பிரச்சினைதான், போகப் போகச் சரியாகும்" என்று திருப்பி அனுப்பி விடுவார்கள்.

இந்திய மொழிகளில் டிஸ்லெக்ஸியாவைக் கண்டறிய, மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 'டாலி' என்ற சோதனைத் தொகுப்பை 2015-இல் வெளியிட்டது. அப்போது அதில் இடம்பெற்றவை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகள். நல்ல முயற்சிதான். ஆனால் தமிழ் வழியில் படிக்கும் தாராவிப் பிள்ளையை ஆங்கிலத் தாளை வைத்துச் சோதித்தால் என்ன கிடைக்கும்? நம் சங்கங்கள் பட்டிமன்றத்துக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கை, தமிழ் தெரிந்த சிறப்பு ஆசிரியர்களைத் தேடிப் பட்டியல் எடுப்பதில் செலவிடலாம் என்பது என் எண்ணம்.

சயான் ஆஸ்பத்திரிக்குப் போவோம்

மகாராஷ்டிர அரசு 1996-ஆம் ஆண்டில், கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு எஸ்.எஸ்.சி. தேர்வில் சலுகைகள் தர முன்வந்தது. இந்திய மாநிலங்களில் இதில் முதலடி எடுத்து வைத்தது மகாராஷ்டிரம்தான். அதே ஆண்டில் பெற்றோர்களும் நிபுணர்களும் சேர்ந்து மும்பையில் மகாராஷ்டிர டிஸ்லெக்ஸியா சங்கத்தைத் தொடங்கினார்கள். சென்னையில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் தோன்றியிருந்தது. பிறகு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அதுவரை சலுகையாக இருந்தது அன்று முதல் உரிமையாயிற்று.

பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. சயான், நாயர், கே.இ.எம். ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளிலேயே இது நடைபெறுகிறது. நமக்குப் பக்கம் சயான்தான். கோவண்டியில் ஹார்பர் வண்டி ஏறி, குர்லாவில் மாறி, அடுத்த நிலையத்தில் இறங்கினால் போதும். ஆனால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று எண்ணி லீவு போடாதீர்கள். முதலில் கேஸ் பேப்பர் எடுத்துக் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண் பார்வையும் காது கேட்கும் திறனும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். உளவியல் நிபுணர் அறிவுத்திறன் சோதனை செய்வார். சிறப்பு ஆசிரியர் படிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்லிப் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தேதி கொடுப்பார்கள். மாதக் கணக்கில் காத்திருக்கவும் நேரிடலாம்.

தினக்கூலிக்குப் போகும் தாய்க்கு ஒவ்வொரு தேதியும் ஒரு நாள் சம்பளம். "இதற்காக இத்தனை நாள் அலைய வேண்டுமா?" என்று பாதியில் விட்டு விடுகிறவர்கள் உண்டு. அதைத் தவிர்க்கத்தான் முன்கூட்டியே தயாராகப் போக வேண்டும் என்கிறேன். பள்ளியிலிருந்து ஒரு கடிதம், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் மார்க் ஷீட்டுகள், பிள்ளையின் பழைய நோட்டுகள், பிறப்புச் சான்றிதழ், ஆதார் ஆகியவை கையில் இருக்கட்டும். பழைய நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதீர்கள். மருத்துவருக்கு அவை எக்ஸ்ரே போல.

எட்டு வயது நிரம்பிய பிறகே சான்றிதழ் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறு பரிசோதனை என்றும் மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறியது. 2024-இல் இந்த வழிகாட்டுதல்கள் திருத்தப்பட்டன. ஆகையால் வயது, புதுப்பிக்கும் காலம் போன்றவற்றை மருத்துவமனையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. யு.டி.ஐ.டி. என்னும் அடையாள அட்டை நாடு முழுவதற்கும் செல்லும். "இங்கே படிப்பு ஏறவில்லை, திருநெல்வேலியில் சித்தப்பா வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாம்" என்று எண்ணும் பெற்றோர் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்.சி.யுடன் இந்த அட்டையும் போகட்டும். இல்லாவிட்டால் அங்கேயும் புதிய பள்ளியில் பழைய அடிதான் காத்திருக்கும்.

சான்றிதழ் என்றதும் சில வீடுகளில் ஒரு தயக்கம். "ஊனம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்குப் பெண்ணை யார் கட்டுவார்கள்?" என்கிறார்கள். அந்தப் பயத்தை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். அட்டை பெட்டிக்குள் இருக்கும். வேண்டும்போது எடுத்துக் காட்டலாம், வேண்டாதபோது காட்ட வேண்டியதில்லை. "பத்தாவது ஃபெயில்" என்பதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட முடியுமா?

என்ன கேட்கலாம்?

முதலாவது கூடுதல் நேரம். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம் ஆகும். கையெழுத்து மிக மோசமாக உள்ள பிள்ளைக்கு, சொல்லச் சொல்ல எழுத ஒரு ரைட்டர். எழுத்துப் பிழைகளுக்கு மதிப்பெண் குறைக்காமை. ஒரு மொழிப் பாடத்துக்குப் பதிலாக வேறு பாடம். கணிதக் குறைபாடு உள்ளவர்களுக்கு அல்ஜீப்ரா, ஜியோமெட்ரிக்குப் பதிலாகக் கீழ்வகுப்புக் கணக்கும் தொழிற்கல்விப் பாடமும். எஸ்.எஸ்.சி. வாரியத்தில் வழங்கப்பட்டு வந்த சலுகைகள் இவை. சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. வாரியங்களிலும் இவற்றை ஒத்த சலுகைகள் உண்டு.

கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்பேன். அல்ஜீப்ராவை விட்ட பிள்ளைக்குப் பதினொன்றாவதில் சயின்ஸ் பக்கம் போகும் வழி அடைபடும். பையன் ஐ.டி.ஐ.யோ காமர்ஸோ போகப் போகிறானா, டிப்ளமா இஞ்சினீரிங் ஆசை உள்ளதா என்று அவனிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும். அதேபோல மராத்தி எழுதுவதிலிருந்து விலக்குக் கேட்பவர்கள், மராத்தி பேசுவதை விட்டுவிடக் கூடாது. இந்த நகரத்தில் பிழைக்க அது வேண்டும். கூடுதல் நேரத்தைப் பற்றி மட்டும் இரண்டாவது யோசனையே தேவையில்லை. அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் கிடையாது.

2007-இல் ஆமிர் கான் எடுத்த 'தாரே ஜமீன் பர்' படம் இவ்விஷயத்தில் பெரிய உபகாரம் செய்தது. அதற்கு முன் டிஸ்லெக்ஸியா என்றால் ஏதோ வயிற்று நோய் என்று நினைத்தவர்கள் அதிகம். ஆனால் அந்தப் படத்தால் ஒரு சங்கடமும் வந்தது. அந்தப் பையன் பிரமாதமாகப் படம் வரைகிறான். எனவே இத்தகைய பிள்ளைகளெல்லாம் ஏதாவதொரு கலையில் மேதைகளாக இருப்பார்கள் என்று ஓர் எண்ணம் பரவிவிட்டது. "இவனுக்குப் படமும் வரையத் தெரியவில்லையே" என்று நொந்துகொண்ட பெற்றோரை அறிவேன். படமும் வரையாத, பாட்டும் பாடாத, சாதாரணப் பிள்ளைக்கும் அந்த ஒரு மணி நேரம் உரியதுதான்.

பள்ளியில் பேசும் முறை

சண்டையோடு ஆரம்பிக்கக் கூடாது. அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாரடிக்கும் ஆசிரியைக்கு நம் பிள்ளை ஒருவனுக்காகத் தனித்திட்டம் போட நேரம் இல்லை என்பது உண்மை. ஆகவே முதல் முறை போகும்போது சிறிய, செலவில்லாத காரியங்களைக் கேளுங்கள். முன் பெஞ்சு. வகுப்பில் எல்லார் முன்னும் எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொல்லாமை. கரும்பலகையில் உள்ளதை எழுதி முடிக்காவிட்டால், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுத அனுமதி. தெரிந்ததை வாயால் சொல்ல ஒரு வாய்ப்பு. "டீச்சர், நாங்கள் வீட்டில் இன்ன இன்ன செய்கிறோம், நீங்கள் இந்த இரண்டை மட்டும் செய்து பாருங்கள், அடுத்த மாதம் வந்து கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடி அடுத்த மாதம் போகவும் வேண்டும்.

தாய் மட்டும் போனால் "அப்பாவை வரச் சொல்" என்பார்கள். அப்பா போனால் வாசலில் நின்று தலையாட்டிவிட்டு வந்து விடுவார். இருவரும் சேர்ந்து போவது நல்லது. ஆங்கிலமோ மராத்தியோ சரளமாக வராதவர்கள், பேசத் தெரிந்த பக்கத்து வீட்டு அண்ணனையோ அக்காவையோ அழைத்துப் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக ஆக்காதீர்கள். தன்னைப் பற்றிய புகாரைத் தானே மொழிபெயர்த்துச் சொல்லும் தண்டனை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

வாய்ப் பேச்சுக்குப் பிறகு கடிதம். சான்றிதழ் வந்தவுடன் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரையும் இன்வர்ட் நம்பரும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்:

"ஐயா / அம்மையீர், என் மகன் தங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் படிக்கிறான். அவனுக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாக மருத்துவமனை சான்றளித்துள்ளது, நகல் இணைத்துள்ளேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16, 17-ஆம் பிரிவுகளின்படி, வகுப்பிலும் பள்ளித் தேர்வுகளிலும் அவனுக்குக் கூடுதல் நேரமும் தேவையான மாற்றங்களும் அளிக்க வேண்டுகிறேன். இது குறித்துப் பேசத் தாங்கள் ஒரு நாள் குறித்துத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்."

பிரிவு எண்களைப் போடுவது அவசியம். 16-ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து ஏற்ற நடவடிக்கை எடுப்பதைப் பள்ளிகளின் கடமை என்கிறது. 17-ஆம் பிரிவு கூடுதல் நேரம், ரைட்டர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பிள்ளையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் கல்வித் துறை அதிகாரிக்கு எழுதலாம். அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார், அலுவலகம் புணேயில். தேவ்நாரிலேயே டாடா சமூக அறிவியல் கழகம் 1954 முதல் இருக்கிறது. சமூகப் பணி பயிலும் மாணவர்கள் குடியிருப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் களப்பணிக்கு வருவது வழக்கம். அப்படி உங்கள் பகுதிக்கு வருகிறவர்களிடம், கடிதம் எழுத உதவி கேட்கத் தயங்காதீர்கள்.

உண்மையான ஆபத்து ஒன்பதாம் வகுப்பில் காத்திருக்கிறது. எஸ்.எஸ்.சி.யில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட விரும்பும் சில பள்ளிகள், சந்தேகத்துக்குரிய பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே வடிகட்டி விடுகின்றன. "எல்.சி. வாங்கிக்கொள்ளுங்கள், 17 நம்பர் ஃபாரம் போட்டு வெளியிலிருந்து எழுதட்டும்" என்று இதமாகத்தான் சொல்வார்கள். பெற்றோரும் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டு வந்து விடுவார்கள். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் பதினைந்து வயதுப் பையன் எத்தனை நாள் புத்தகத்தைத் தொடுவான் என்பது நமக்குத் தெரியாததல்ல. எனவே அந்த மேசையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "எழுத்தில் கொடுங்கள், வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம்" என்று எழுந்து வந்து விடுங்கள். ஆறாவதிலேயே சான்றிதழும் கடிதமும் பள்ளிக் கோப்பில் ஏறியிருந்தால், இந்தப் பேச்சு எழுவதே அரிது.

நாற்பது சதவீதம்

சான்றிதழில் ஒரு சதவீதம் இருக்கும். 40-க்குக் கீழே இருந்தால் எதுவும் கிடையாது என்று பல அலுவலகங்களில் சொல்லி அனுப்புகிறார்கள். இது சரியல்ல. இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான் 40 சதவீதம் வேண்டும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒருவருக்கு, 40 சதவீதம் இல்லை என்று கூறி யு.பி.எஸ்.சி. ரைட்டர் தர மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2021 பிப்ரவரியில், ரைட்டர் வசதியை 40 சதவீதத்தோடு கட்டிவைக்கக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பேரில் மத்திய அரசு 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதல்களையும் வெளியிட்டது.

இன்னொரு வழக்கு நம் மும்பையில் நடந்தது. டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவர் 2021 செப்டம்பரில் நீட் தேர்வு எழுதினார். சட்டப்படி அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. ஆனால் தேர்வு மையத்தில் இருந்தவர்களுக்கு விதி தெரியவில்லை. மற்றவர்களிடம் விடைத்தாளை வாங்கும்போதே அவரிடமிருந்தும் வாங்கிக்கொண்டு விட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நடந்தது அநீதி என்றது. அதற்கு என்ன பரிகாரம் என்று ஒரு வாரத்துக்குள் முடிவு செய்யத் தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. மறுதேர்வுக்கு மட்டும் உத்தரவிடவில்லை. போன ஒரு மணி நேரம் அப்படியே திரும்பி வரவில்லை. ஆகையால் நீதிமன்றத்தில் வெல்வதை விட, தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே மையத்துக்குச் சென்று, அனுமதிக் கடிதத்தைக் காட்டி, "கூடுதல் நேரம் என்று உங்கள் பட்டியலில் ஏறியிருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு வருவது மேல்.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் சில உண்டு. ஒரு காது மட்டும் கேளாத பிள்ளை, காக்காய் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளை, இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை என்று. இன்சுலின் போடும் பிள்ளைகள் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோகலாம் என்று 2017-இல் சி.பி.எஸ்.இ. அறிவித்தது. ஓரிடத்தில் உட்கார முடியாமல், கவனம் நிலைக்காமல் திண்டாடும் ஏ.டி.எச்.டி. பிள்ளைகளின் நிலைதான் சங்கடம். 21 வகைப் பட்டியலில் அதற்குத் தனி இடமில்லை. கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

கடைசியாக ரைட்டர் விஷயம். எஸ்.எஸ்.சி. தேர்வுக்கு ரைட்டராக வருபவர், தேர்வு எழுதுபவரை விடக் கீழ்வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும். பள்ளி ஏற்பாடு செய்யும் என்று நம்பியிருந்து, பிப்ரவரி மாதத்தில் ஆள் தேடி அலைந்த குடும்பங்கள் பல. தீபாவளிக்குள் உங்கள் காலனியிலேயே எட்டாவது ஒன்பதாவது படிக்கும், கையெழுத்து அழகாக உள்ள, பொறுமையான ஒரு பிள்ளையைப் பார்த்து வையுங்கள். அந்த வீட்டாரிடம் பேசி, இருவரையும் வாரம் ஒரு நாள் உட்கார வைத்துப் பழைய வினாத்தாள்களைச் சொல்லச் சொல்ல எழுத விடுங்கள். சொல்கிறவனுக்கும் எழுதுகிறவனுக்கும் வேகம் ஒத்துப்போக இரண்டு மூன்று மாதமாவது பிடிக்கும். கமாவும் முற்றுப்புள்ளியும் கூடச் சொல்லித்தான் எழுத வைக்க வேண்டும்.